பழசுதான், ஆனாலும் பருந்து

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகுதான் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் திருத்தணி மலைப்படியில் உட்கார இடம் கிடைக்கும். அப்படி ஒரு சாயங்காலம் அக்கா பையனோடு ஏறிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, அரக்கோணம் பக்கமிருந்து சாம்பல் நிற விமானம் ஒன்று தாழப் பறந்து வந்து திரும்பியது.

"மாமா, அது நேவி பிளேனா?"

"ஆமாண்டா, ராஜாளியிலேர்ந்து வருது."

"அப்ப கப்பல்ல போய் இறங்குமா?"

"இது இறங்காது. இதோட உடம்பு போயிங் 737. மெட்ராஸ்லேர்ந்து டெல்லி போற பிளேன்தான், உள்ளே மட்டும் வேற சாமான்."

"கப்பல்ல இறங்கிச் சண்டை போட்ட பிளேன் நம்மகிட்ட இருந்துச்சா?"

இருந்தது. மிச்சப் படிகள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். பையன் பாதியிலேயே பஞ்சாமிர்தத்துக்குத் தாவிவிட்டான். எனக்கு மனசு ஆறவில்லை, அதனால் உங்களிடம் முழுசாகச் சொல்கிறேன்.

முதலில் எங்கள் பக்கத்து ஆசாமியைச் சொல்லாமல் போனால் ஊரில் நடமாட முடியாது. திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே ஒரு பஸ் தூக்கம்கூட முழுசாக வராது. அங்கே ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத் தளத்தை 1992 மார்ச்சில் அப்போதைய ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன் தொடங்கி வைத்தார். நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஓடுதளம். அதில் குடியேறியவை ரஷ்யாவின் டியூ-142 விமானங்கள், மொத்தம் எட்டு. 1988-ல் கோவாவுக்கு வந்து, பிறகு எங்கள் பக்கம் மாறியவை. ஒவ்வொரு இறக்கையிலும் இரண்டு இன்ஜின், ஒவ்வொரு இன்ஜினிலும் எதிரெதிராகச் சுற்றும் இரட்டை விசிறி. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கேட்காதவர்களுக்கு விளக்க முடியாது. பரண்மேல் பித்தளைப் பாத்திரம் கிலுகிலுக்கும். நகரியிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் "ரஷ்யா விமானம் ஒச்சிந்தி" என்று வாசலுக்கு ஓடுவார்கள்.

2017 மார்ச் 29 அன்று அவை ஓய்வு பெற்றன. கடற்படைத் தளபதியே அரக்கோணம் வந்தார், பத்திரிகைகள் எழுதின. அந்த விமானங்களில் ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. உள்ளே ஏறியே பார்க்கலாம். நல்ல மரியாதை, கொடுக்க வேண்டியதுதான்.

ஆனால் டியூ-142-க்கு வேலை கடலைக் கண்காணிப்பது, நீர்மூழ்கியைத் தேடுவது. கப்பலிலிருந்து பாய்ந்து போய், குண்டு போட்டு, திரும்பிக் கப்பலுக்கே வந்த விமானம் வேறு. அது சீ ஹாக். ஒற்றை ஆள், ஒற்றை இன்ஜின், நான்கு 20 மில்லிமீட்டர் துப்பாக்கிகள், மடங்கும் இறக்கை. அது ஓய்வு பெற்றபோது எங்கள் பக்கத்தில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது.

சீ ஹாக் பிறக்கும்போதே பழைய காலத்து ஆள். பிரிட்டனின் ஹாக்கர் கம்பெனி செய்த அதன் முன்மாதிரி 1947 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. ஜெட் யுகம் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகள் வந்து எல்லாரையும் மயக்கிய காலத்தில் இதன் இறக்கை நேராகவே இருந்தது. ஒலியின் வேகத்தைத் தாண்டாது. 1956-ல் சூயஸ் சண்டையில் பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பறந்தது. அதன் பிறகு அவர்களுக்குச் சலித்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் நாம் போய் நிற்கிறோம். பாதி கட்டி நிறுத்தி வைத்திருந்த ஹெர்குலிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை இந்தியா வாங்கி, பெல்ஃபாஸ்டில் வேலையை முடித்து, விக்ராந்த் என்று பெயர் சூட்டியது. கப்பலுக்கு விமானம் வேண்டுமே? 1960 ஜூலையில், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ப்ராடி என்ற தளத்தில் நம் கடற்படையின் 300-ஆம் விமான அணி சீ ஹாக்குகளோடு தொடங்கப்பட்டது. வெள்ளைப்புலி அதன் சின்னம். அதே ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் முன்வரிசையிலிருந்து சீ ஹாக்கை எடுத்தே விட்டார்கள். அவர்கள் கழற்றிய சட்டையை நாம் போட்டுக்கொண்டோம் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. முழுக்கத் தப்பான கிண்டல் என்றும் சொல்ல முடியாது.

(1960 என்றால் எங்கள் ஊருக்கு வேறு கணக்கு. ம.பொ.சி. தலைமையில் எல்லைப் போராட்டம் நடந்து, அந்த ஆண்டு ஏப்ரல் 1-ல்தான் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. வெள்ளைப்புலிகளைவிட நாங்கள் மூன்று மாதம் மூத்தவர்கள்.)

கப்பலில் விமானம் இறங்குவது எப்படி என்று பையன் கேட்டதற்கு நான் சொன்ன பதில் இது. விக்ராந்தின் மேல்தளம் மொத்தமே சுமார் 210 மீட்டர். கிளம்பும்போது நீராவியால் இயங்கும் காட்டபுல்ட், உண்டிவில்லில் வைத்த கல்லைப் போல விமானத்தை முன்னால் எறியும். இறங்கும்போது தளத்தின் குறுக்கே இரும்பு வடங்கள் கட்டியிருக்கும். விமானத்தின் வாலில் தொங்கும் கொக்கி அதில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும். இதில் ஒரு விஷயம் யாருக்குச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்: சக்கரம் தளத்தைத் தொட்ட அந்தக் கணத்தில் விமானி வேகத்தைக் குறைக்க மாட்டார், இன்ஜினை முழு வேகத்துக்குத் தள்ளுவார். கொக்கி தவறிவிட்டால் மறுபடி மேலே எழும்ப வேண்டுமே! தவறவில்லை என்றால் வடம் இழுத்து நிறுத்தும். இதற்கிடையில் கப்பல் காற்றை எதிர்த்து ஓடிக்கொண்டிருக்கும். காற்று எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. 1961 மே 18 அன்று விக்ராந்தில் முதல் ஜெட்டை இப்படி இறக்கியவர் லெப்டினன்ட் ஆர்.எச். தஹிலியானி. பின்னாளில் கடற்படைத் தளபதியே ஆனார்.

இங்கேதான் சீ ஹாக்கின் பழமை உதவியது. நேர் இறக்கை கொண்ட விமானம் மெதுவான வேகத்திலும் காற்றில் நிற்கும். விக்ராந்த் மாதிரி சின்னக் கப்பலுக்கு அதுதான் தோது. இன்ஜினின் புகை பின்பக்கம் ஒரே குழாயில் வராமல் இரண்டாகப் பிரிந்து, இறக்கை உடம்போடு சேரும் இடத்திலேயே வெளியேறும். அதனால் உடம்பின் பின்பகுதியில் எரிபொருளுக்கு இடம் மிச்சம். இதைக் கோடு போட்ட மனிதர்கள் அழகுக்காகப் போட்டதில்லை.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இனி ஒரு தகவல். கப்பலில் இல்லாத நாட்களில் இந்த விமானங்கள் எங்கே தங்கின? கோவா அப்போது போர்த்துக்கீசியர் கையில். நம் கடற்படையின் ஜெட் தளம் சூலூரில் இருந்தது. ஐ.என்.எஸ். ஹன்ஸா என்ற பெயரில் அது 1961 செப்டம்பர் 5 அன்று சூலூரில்தான் தொடங்கியது. கோவா விடுதலையான பிறகு, 1964-ல் ஹன்ஸா தபோலிமுக்குப் போய்விட்டது. இன்றைக்கு சூலூர் என்றால் விமானப்படையும் தேஜஸும்தான் ஞாபகம் வரும். கப்பலில் இறங்கக் கற்றுக்கொண்ட தலைமுறை கொங்குச் சீமையின் வெயிலில் பறந்து பழகியது என்பதை நான் சொல்லித்தான் என் சூலூர் நண்பருக்கே தெரியும்.

1961-ல் கோவா நடவடிக்கையின்போது விக்ராந்த் கடலில் காவல் நின்றது, விமானங்கள் தாக்கவில்லை. 1965 போரின்போது கப்பல் பழுதுபார்ப்பில் முடங்கிக் கிடந்தது. இரண்டாவதுதான் ரணம். இத்தனை கோடி போட்டு வாங்கிய கப்பல் சண்டையின்போது துறைமுகத்தில் கிடந்தது என்ற ஏச்சு கடற்படைக்காரர்களின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

1971 வந்தபோது நிலைமை அதைவிட மோசம். விக்ராந்தின் கொதிகலனில் விரிசல். மணிக்கு 24 கடல்மைல் ஓட வேண்டிய கப்பல் சுமார் 16-ஐத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு. நொண்டிக் கப்பல், மேலே 1940-களில் வரைந்த விமானம். மேற்கே அனுப்பினால் பாகிஸ்தானின் புதிய பிரெஞ்சு நீர்மூழ்கிகளும் விமானங்களும் காத்திருந்தன. அனுப்பாமல் விட்டால் 1965-ன் அவமானம் இரண்டாம் முறை.

அந்த முடிச்சை அவிழ்த்ததில் முக்கியமான கை நாகர்கோவிலில் பிறந்த ஒருவருடையது. துணை அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், அப்போது விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைத் தலைவர். விக்ராந்த் கிழக்குக்கு வந்தது. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் பாகிஸ்தான் விமானப்படைக்கு இருந்தது டாக்காவில் ஒரே ஒரு சேபர் போர்விமான அணி. அந்த ஓடுதளத்தை நம் விமானப்படை சில நாளில் குழி தோண்டிப் போட்டுவிடும் என்ற கணக்கு, அப்படியே நடந்தது. மிச்சம் இருந்தது துறைமுகங்கள், எரிபொருள் கிடங்குகள், தப்பி ஓட நினைக்கும் கப்பல்கள். வானத்தில் எதிரியே இல்லாத இடத்தில் சீ ஹாக்கின் வயசை யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்கக்கூடிய ஒரே ஆள் கடலுக்கடியில் இருந்தது. பி.என்.எஸ். காஸி. அமெரிக்காவிடமிருந்து பெற்ற நீர்மூழ்கி. கராச்சியிலிருந்து வங்காள விரிகுடா வரை வந்து வேட்டையாடும் தெம்பு பாகிஸ்தானிடம் அதற்கு மட்டும்தான் இருந்தது. நவம்பர் மத்தியில் கிளம்பி, இலங்கையைச் சுற்றி, விக்ராந்தைத் தேடிச் சென்னைக் கடல் பக்கம் வந்தது. விக்ராந்த் சென்னையில் இருந்தது உண்மைதான். ஆனால் காஸி வருவதற்குள் கிளம்பி அந்தமான் பக்கம் ஒதுங்கிவிட்டது. 1914-ல் எம்டன் வந்து குண்டு போட்டதை மெட்ராஸ்காரர்கள் நூறு வருஷமாகக் கதை சொல்கிறார்கள். காஸி வந்து போனதை யாரும் சொல்வதில்லை. குண்டு வெடித்திருந்தால் சொல்லியிருப்போம் போல.

கிருஷ்ணன் போட்ட நாடகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். விக்ராந்த் விசாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது என்று எதிரியை நம்ப வைக்க வேண்டும். அதற்காக, ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை வெளியே அனுப்பி விக்ராந்த் மாதிரி வயர்லெஸ் பேச வைத்தார்கள். கரையில் காய்கறி, இறைச்சி, ரேஷன் எல்லாம் ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவில் கொள்முதல் ஆர்டர் போனது. பெரிய கப்பல் வந்திருந்தால் முதலில் தெரிவது சந்தையில்தானே! காஸி விசாகப்பட்டினத்துக்கே போனது. டிசம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவையொட்டி அங்கேயே வெடித்து மூழ்கியது, ஒருவரும் பிழைக்கவில்லை. ராஜ்புத் போட்ட குண்டுகளே காரணம் என்பது நம் கடற்படையின் கணக்கு. தான் விதைத்த கண்ணிவெடியிலேயே சிக்கியது அல்லது உள்ளே வெடித்தது என்பது பாகிஸ்தானின் கணக்கு. 2017-ல் வந்த 'காஸி' படத்தில் நடிகர் ராணா ஒரு இந்திய நீர்மூழ்கியில் போய் அதை முடிப்பார். அது சினிமா. நிஜத்தில் அங்கே நின்றது இரண்டாம் உலகப் போர் காலத்து நாசகாரி.

டிசம்பர் 4 காலை விக்ராந்திலிருந்து எட்டு சீ ஹாக்குகள் கிளம்பின. இலக்கு, காக்ஸ் பஜார் விமான நிலையம். அணித் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தா. அன்று மதியத்துக்குப் பிறகு சிட்டகாங். அடுத்த நாட்களில் குல்னா, மோங்லா என்று துறைமுகம் துறைமுகமாக. ஓடுதளங்கள் குழியாயின, எண்ணெய்க் கிடங்குகள் எரிந்தன, கப்பல்கள் மூழ்கின. இரவு வேலையைப் பார்த்தவை அலிஸே என்ற பிரெஞ்சு விசிறி விமானங்கள். அவற்றை மறந்தால் பாவம் சேரும். கிழக்கே இருந்த பாகிஸ்தான் படைக்குக் கடல் வழி அடைபட்டுப் போனது. போரின் கடைசி நாட்களில் அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கி எண்டர்பிரைஸ் வங்காள விரிகுடாவுக்கு வந்து நின்றபோது, வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது.

டிசம்பர் 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாசி சரணடைந்து கையெழுத்துப் போடும் படத்தைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். பின்னால் வெள்ளைச் சீருடையில் நிற்பவர்தான் நம் நாகர்கோவில் கிருஷ்ணன். குப்தாவுக்கும் விக்ராந்தின் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். சீ ஹாக் சிறந்த விமானம் என்பதால் ஜெயிக்கவில்லை. 1971-ல் அது எந்த நாட்டின் முதல் வரிசையிலும் நிற்கத் தகுதி இல்லாதது. மேற்கே, கராச்சியின் வானத்தில் விட்டிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். மேற்கில் பறந்த ஒரு அலிஸேயை பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் சுட்டு வீழ்த்தியதே சாட்சி. இருப்பது இவ்வளவுதான் என்று தெரிந்து, அது செல்லுபடியாகும் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியவர்களின் மூளைதான் ஜெயித்தது. இதை எழுதினால் விமானப் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

போருக்குப் பிறகு என்ன வாங்குவது என்ற தேடல். 1972 ஜூலையில் பிரிட்டனின் ஹாரியர் விமானத்தை ஜான் ஃபார்லி என்ற சோதனை விமானி விக்ராந்திலேயே இறக்கிக் காட்டினார். கொக்கி வேண்டாம், வடம் வேண்டாம். அந்தரத்தில் நின்று நேராக இறங்கும். பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள். ஆனாலும் ஆர்டர் போட 1979 ஆயிற்று. முதல் சீ ஹாரியர்கள் கோவா வந்தது 1983 டிசம்பரில். அதே மாதம் 20-ஆம் தேதி விக்ராந்தில் முதலில் இறக்கியவர் அருண் பிரகாஷ். இவரும் பின்னாளில் கடற்படைத் தளபதி. அந்த ஆண்டோடு சீ ஹாக் விடைபெற்றது. சண்டை முடிந்து பன்னிரண்டு வருஷம் இழுத்துப் பிடித்து ஓட்டியிருக்கிறார்கள். உதிரிபாகம் கிடைக்காமல் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று பழைய லாரி வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சீ ஹாரியருக்கு இந்தியாவில் சண்டையே வாய்க்கவில்லை. 1982 பாக்லாந்து போரில் பிரிட்டனுக்காக வானில் ஒன்றுகூடத் தோற்காத விமானம், நம்மிடம் முப்பத்திச் சொச்சம் வருஷம் காவல் காத்தே கழித்தது. ஓட்டுவதும் லேசில்லை. நாம் வாங்கியவற்றில் பாதிக்கு மேல் விபத்துகளில் போயின, நல்ல விமானிகளும் போனார்கள். பிரிட்டன் 2006-லேயே நிறுத்திவிட, உலகத்தில் சீ ஹாரியர் ஓட்டிய கடைசிக் கடற்படை நம்முடையது. 2016 மார்ச் 6 அன்று விராட் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கடைசியாகப் பறந்து, மே 11 அன்று கோவாவில் முறைப்படி ஓய்வு பெற்றது. வெள்ளைப்புலிகள் அன்றைக்கே மிக்-29கே விமானத்துக்கு மாறினார்கள். அணிக்கு ஓய்வு இல்லை, விமானத்துக்குத்தான்.

கப்பல்களின் கதை இன்னும் பரிதாபம். விக்ராந்த் 1997-ல் ஓய்வு பெற்று, பம்பாயில் கொஞ்ச காலம் அருங்காட்சியகமாக நின்று, 2014-ல் உடைக்கப் போனது. அந்த இரும்பில் கொஞ்சத்தை வாங்கி பஜாஜ் கம்பெனி 'வி' என்று பைக் விட்டது. எங்கள் ஊர் பைபாஸில் இன்றும் ஒன்றிரண்டு ஓடுகிறது; ஓட்டுபவருக்கு சிட்டகாங் தெரியுமா என்று கேட்க ஆசை, கேட்டதில்லை. விராட்டும் 2020-ல் உடைபட அலாங்குக்குப் போய்ச் சேர்ந்தது. சீ ஹாக்கையும் சீ ஹாரியரையும் பார்க்க வேண்டுமானால் கோவா தபோலிமில் கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது. கடற்கரைக்கு மட்டும் போய்த் திரும்பும் கூட்டம் ஒரு அரைநாள் ஒதுக்கலாம்.

அடுத்தது என்ன? கொச்சியில் நாமே கட்டிய புது விக்ராந்த் 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்தது. மிக்-29கே-க்களோடு பட்ட பாடு போதும் என்று, 2025 ஏப்ரலில் பிரான்சோடு 26 ரஃபேல்-எம் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். இதில் நான்கு இரட்டை இருக்கை விமானங்கள் கப்பலில் இறங்காது, கரையில் பயிற்சிக்குத்தான். மிச்சம் 22-க்கும் ஒரு இக்கு இருக்கிறது. ரஃபேலின் இறக்கை மடங்காது. விக்ராந்தின் லிஃப்ட்டோ மிக் விமானத்தை மடக்கி வைத்து அளந்து கட்டியது. இறக்கை நுனியைக் கழற்றி ஏற்றலாம் என்கிறார்கள், செய்துகாட்ட வேண்டும். 1947-ல் பறந்த சீ ஹாக் இறக்கையை மடக்கிக்கொண்டு சமர்த்தாக லிஃப்ட்டில் இறங்கும். 2030-க்குள் எல்லா ரஃபேலும் வந்து சேர வேண்டும் என்பது ஒப்பந்தக் கணக்கு. அதற்குள் தேஜஸின் கடற்படை வாரிசு எந்த நிலையில் இருக்கும் என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை எழுதினால் இன்னொரு பதிவு ஆகும்.